மைனஸ் இருபது அண்ணன்

பெங்களூரில் கரெண்ட் போனால், அது போன சேதி மின்சார ஆபீஸுக்கே மைனஸ் இருபது அண்ணன் சொல்லித்தான் தெரியும். ஃபேன் இறக்கை சுற்றி நிற்பதற்குள் போனை எடுத்திருப்பார். "நமஸ்காரா சார், கரெண்ட் யாவாக பருத்தே?" என்று, கரெண்ட் எப்போது வரும் எனக் கன்னடத்தில் பணிவாக ஆரம்பித்து, தமிழில் திட்டி முடிப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆஸ்பத்திரியின் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அவர் அங்கே அட்டெண்டர். ரத்தத்திலிருந்து பிரித்த டிஎன்ஏவை மைனஸ் இருபது டிகிரியில் வைத்திருக்கும் பெட்டி அவர் பொறுப்பு. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பெட்டியைப் பத்து விநாடிக்கு மேல் திறந்து வைத்தால், "உங்க வூட்டு ஜன்னலா அது? மூடுங்க!" என்று பின்னாலிருந்து குரல் வரும். ஒருமுறை கூடத்தின் தலைவியான டாக்டரம்மாவே மகளின் பிறந்தநாள் ஐஸ்கிரீம் கேக்கை அதில் வைத்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் அண்ணன் வெளியே எடுத்து வைத்த கேக் ஜன்னலோரம் பாயசமாகிக் கிடந்தது.

"ரத்தம் வெக்கிற எடத்துல தின்ற பொருள வெக்கலாமா மேடம்? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

ஒரு கோடையில் மூன்று மணி நேரம் கரெண்ட் இல்லை. எதிர் ஜூஸ் கடையின் மொத்த ஐஸையும் கோணியில் கட்டித் தூக்கி வந்துவிட்டார். பின்னாலேயே கடைக்காரர் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், வெதுவெதுப்பான திராட்சை ஜூஸ் கிளாஸோடு இரண்டு வாடிக்கையாளர்கள்.

"டிஎன்ஏ அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாதுப்பா," என்றார் டாக்டரம்மா.

"நீங்க படிச்சவங்க, தைரியமா கீறீங்க. நான் படிக்கல. பயமா கீது."

ஒருநாள் பெட்டியிலிருந்த பழைய டிஎன்ஏ குழாய்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். எண் இல்லாதவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. ஒரு குழாயில் எண் இல்லை. 'பாபு' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இது யாருதுண்ணா? போட்டுடட்டுமா?"

குழாயை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எம் புள்ளதும்மா."

பாபுவுக்குத் தசைகள் பலமிழந்துகொண்டே போகும் நோய். ஒன்பது வயதில் நடை நின்றது; பதினாறில் மூச்சு. உயிரோடிருந்தபோதே ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த நோய்க்கான ஜீனில் பெரிய துண்டு எதுவும் விட்டுப்போகவில்லை. டிஎன்ஏவின் நீண்ட எழுத்து வரிசையில் எங்கோ ஓர் எழுத்து பிசகியிருக்கலாம், அதைத் தேடும் வசதி வரும்போது பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அந்த 'வரும்போது'க்காகத்தான் அண்ணன் வார்டிலிருந்து மாற்றல் கேட்டு இங்கே வந்திருந்தார்.

வீட்டில் பாபுவின் அக்கா செல்வி இருந்தாள். இந்த நோய் தாய் வழியாக மகனுக்கு வரக்கூடியது. "எனக்குள்ள அது கீதா இல்லையான்னு தெரியாம கல்யாணம் வேணாம்ப்பா," என்று சொல்லிவிட்டாள். வந்த வரன்கள் திரும்பிப் போயின. அவர்கள் குடியிருந்த ஸ்ரீராம்புரத்துச் சந்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

"புது மிஷின் வந்துச்சாம்மா?" திங்கட்கிழமைதோறும் கேட்பார். இல்லை என்பேன். இப்படியே ஆறு வருஷம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில், ஜீனை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லும் வசதி வெளியே ஒரு கூடத்தில் கிடைத்தது. பாபுவின் குழாயை மடியில் வைத்து அவரே ஆட்டோவில் கொண்டுபோனார். ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. செல்வியின் ரத்தத்தில் அதே இடத்தைப் பார்த்தார்கள். அங்கே எழுத்து மாறவில்லை; அவளுக்குள் அந்த நோய் இல்லை.

ரிசல்ட்டைப் படித்துச் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன்.

"ஒரே எழுத்தா?"

"ஆமாண்ணா."

"பாபு நோட்டுல பக்கத்துக்குப் பத்து எழுத்து தப்பு விடுவாம்மா. நான் ஒருநாளும் அடிச்சதில்ல."

அடுத்த தையில் செல்விக்குக் கல்யாணம். நான் வேலை மாறிப் போனேன். சில வருடம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"பேரன் மாடிப்படி ஏறுறாம்மா. கைப்பிடியப் புடிக்காம ஏறுறான். இந்த வயசுல பாபு முட்டியில கைய ஊனித்தான் எழுவான். நான் கீழ நின்னு பாத்துக்கினே கீறேன்."

பிறகு அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் போனை வைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. அந்த மூச்சுச் சத்தத்தையாவது இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.