உப்புமேட்டில் நேர்காணல்

டெல்லி நடுவர்கள் திரையில் தோன்றி வணக்கம் சொன்ன அதே நொடியில் கரண்ட் போனது. வைஃபை செத்தது. பழைய லேப்டாப்பும் இருண்டது.

கலைமதி போனை எடுத்தாள். இளம் விஞ்ஞானிகளுக்கான தேசிய விருது, வேதியியல் பிரிவு, இறுதிச் சுற்று. வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

போனில் கெஞ்சியதில் அரை மணி நேரம் கொடுத்தார்கள்.

"அம்மா, உப்பளத்துக்குப் போறேன். அங்கதான் டவர் எடுக்கும்!"

"ஏய், செருப்பு போட்டுக்கினு போடி!" என்று மலர்கொடி கத்தியபோது மகள் தெருமுனை தாண்டியிருந்தாள்.

உப்பளக் கரையில் அவள் தெருக்காரர் தட்சணாமூர்த்தி லோடுக்காக லாரியை நிறுத்தியிருந்தார்.

"அண்ணா, லேப்டாப்புக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கறேன்."

"தாராளமா போட்டுக்கம்மா."

லாரியின் சார்ஜர் பிளக்கில் சொருகினாள். டப்பென்று ஒரு சத்தம். உடனே ஹாரன் அலற ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

"என்னம்மா பண்ணித் தொலைச்ச?"

"சார்ஜ்தான்ணா போட்டேன்!"

அவர் குதித்து இறங்கி பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். ஹாரன் நின்றது. சார்ஜும் நின்றது.

மிஞ்சியது போன்தான். அதிலும் சார்ஜ் சிவப்பைத் தொட்டிருந்தது. சிக்னல் தேடி உப்புக் குவியல் மேல் ஏறினாள். ஏற ஏறச் சரிந்தது. முழங்கால்வரை புதைந்தபடியே நேர்காணலில் இணைந்தாள்.

"உங்க ஊர்ல பனி பெய்யுதா?" என்று ஆங்கிலத்தில் வியந்தார் ஒரு நடுவர்.

"உப்பு, சார்."

கஷ்டமான கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் அம்மாவின் அழைப்பு வந்து படம் உறைந்தது. துண்டித்தாள். மறுபடியும் அம்மா. மறுபடியும் துண்டித்தாள். கீழே தட்சணாமூர்த்தி, "பார்த்தும்மா, சரியுது!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நடுவர் குழுவில் ஒருவர் தமிழ்க்காரர். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைசிக் கேள்விம்மா. உங்க கண்டுபிடிப்பு, உப்புல இருக்கிற சோடியத்தை வெச்சு செஞ்ச பேட்டரி. கரண்ட் போனா ஒரு வீட்டையே தாங்கும்னு எழுதியிருக்கீங்க. எந்த வீட்லயாவது ஓட்டிப் பார்த்தீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லைங்க சார். லேப்ல மட்டும்தான். நேத்துதான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். நம்பி எதையும் மாட்டிப் பார்க்கலை."

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பேனாவை மூடினார். கலைமதிக்குக் கண் கலங்கியது.

அப்போது தட்சணாமூர்த்தியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டபடியே உப்பில் தட்டுத்தடுமாறி ஏறி வந்தார்.

"உங்கம்மாதான். நீ எடுக்கலையாம், என்னைப் புடிச்சிக்கிச்சி."

மலர்கொடியின் குரல் டெல்லிவரை கேட்டது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? உன் பேட்டரில நீ போனதுலேர்ந்து ஃபேன் ஓடுது, மிக்சி ஓடுது, பக்கத்து வீட்டு டிவியும் ஓடுது. சொல்லலாம்னா போனைக் கட் பண்ணிக்கினே இருக்குற!"