தராசு அண்ணையும் என் நிறையும்

புதுத் தம்பதிகளைப் பிரித்து வைப்பதில் மாமியாரை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவர்கள் ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்கு வள்ளத்தில் போனதில்லை. போயிருந்தால் வள்ளக்காரர் தராசு அண்ணையைத் தெரிந்திருக்கும்.

மாதா கோயிலில் அவருக்கு வைத்த பெயர் ஏதோ ஒரு புனிதருடையது. அதை அவரே மறந்து பல காலம். இறங்குதுறையில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். வருகிற ஆள் எத்தனை இறாத்தல் நிறை என்று சொல்லிவிடுவார். பிறகு வள்ளத்தில் எவர் எங்கே உட்காருவது என்பது அவர் கையில். கனத்த உடம்பு நடுவில், இலேசான உடம்பு முன்னால். உத்தியோகம், சொந்தம், சிபாரிசு எதுவும் அங்கே செல்லாது.

ஒருமுறை ஒரு தலைமை வாத்தியாரைக் கிடாய் ஆட்டுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார். வாத்தியாருக்கு வந்ததே கோபம்.

“என்னை ஆட்டோடையோ இருத்திறீர்?”

“ஆட்டாலை கரைச்சல் இல்லை வாத்தியார். அது வைச்ச இடத்திலை நிக்கும். நீங்கள்தான் அசையிறியள்.”

கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்குக் காலையில் இருந்த இடம் கிடைக்காது. “காலமை வந்த ஆள் வேறை, இப்ப சாப்பிட்டுட்டு வாற ஆள் வேறை” என்று மாற்றி இருத்துவார். இப்படிப்பட்டவரிடம்தான் நானும் என் மனைவியும் கல்யாணமாகி ஆறாம் நாள் போய் மாட்டினோம்.

நான் அப்போது கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். கொஞ்ச நாள் லீவில் வந்து நாரந்தனையில் கல்யாணம், பெண் வீட்டிலேயே தங்கல். வீடு நிறையச் சொந்தம். மனைவியிடம் தண்ணீர் கேட்டால் மூன்று மச்சாள்மார் செம்போடு வந்து நின்றார்கள். எனக்கோ அவளிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கொழும்பில் வீடு பார்த்தால் என்னோடு வருவாளா? “பிள்ளை இஞ்சையே இருக்கட்டும், நீங்கள் லீவிலை வந்து போங்கோ” என்று மாமி சபையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்தக் குனிந்த தலைக்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கிடுகுத் தட்டிக்கு அந்தப் பக்கம் மாமியின் தமக்கை படுத்திருந்தார். அவருக்கு நித்திரை வராத வருத்தம்.

கல்யாணத்துக்கு வர முடியாமல் போன அவளுடைய சின்னம்மா ஒருவர் எழுவைதீவில் இருந்தது என் அதிர்ஷ்டம். “ஒருக்கால் போய் அவவைக் கும்பிட்டுட்டு வாறம்” என்றேன். மருமகனின் பணிவைக் கண்டு மாமி உருகிப்போனார். வள்ளத்தில் அரை மணிக்கு மேல் அவள் பக்கத்தில் இருக்கலாம் என்பதுதான் அந்தப் பணிவின் ரகசியம்.

தராசு அண்ணை ஒரு கண்ணை மூடினார்.

“தம்பி நடுவிலை. பிள்ளை முன்னுக்குப் போம்.”

“அண்ணை, நாங்கள் புதுசாக் கலியாணம் செய்தனாங்கள்.”

“அது கடலுக்குத் தெரியாது தம்பி. சோளகக் காத்து அடிக்குது, நிறை பிசகினால் வள்ளம் சரியும்.”

சிலுவை போட்டுக்கொண்டு மிசினைக் கிளப்பினார். எனக்குப் பக்கத்தில் வெங்காய வியாபாரி ஒருவர். முன்னால் அவளுடைய முதுகும் காற்றில் அடித்த முந்தானையும் மட்டும் தெரிந்தன. அக்கரை போகும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னம்மா வீட்டில் அவளைக் குசினிக்குள் கொண்டுபோனார்கள். என்னை ஆண்கள் கூட்டிக்கொண்டுபோய்க் கிணறு காட்டினார்கள், பிறகு இன்னொரு கிணறு காட்டினார்கள். மத்தியானம் அவள் பனைகளுக்கிடையில் தனியாக நின்று என் பக்கம் பார்த்தாள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எழும்புவதற்குள் சின்னம்மா கூழோடு வந்துவிட்டார். அவ்வளவு ஏக்கத்தோடு நான் கூழ் குடித்தது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது ஒரு தந்திரம் செய்தேன். சின்னம்மா தந்த பனங்கிழங்கு ஒடியல் பையைத் தூக்கி மனைவியின் கையில் கொடுத்தேன். நிறை கூடினால் நடுவில் இடம் கிடைக்கும் என்பது கணக்கு.

“பையைக் கீழை வையும் பிள்ளை” என்றார் தராசு அண்ணை. “பாரம் பையிலை, உம்மிலை இல்லை.”

வள்ளம் முழுவதும் சிரித்தது. அவள் மறுபடியும் முன்னால் போனாள். நடுக்கடலில் எனக்குப் பொறுக்கவில்லை. மிசின் சத்தத்துக்கு மேலாக எழும்பி நின்று கத்தினேன்.

“இஞ்சாரும்! கொழும்புக்கு வாறீரோ?”

எல்லோரும் திரும்பினார்கள். “என்னவாம்?” என்று ஒரு கிழவி கேட்டாள். “பெண்சாதியைக் கொழும்புக்கு வரட்டாம்!” என்று வெங்காய வியாபாரி என்னைவிடப் பலமாகக் கத்தினார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டாள்.

“தம்பி, எழும்பாதையும்” என்றார் தராசு அண்ணை.

லீவு முடிந்து, பதில் இல்லாமலே கொழும்பு மெயில் வண்டி ஏறினேன். ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது.

“சின்னம்மாவுக்குச் சுகமில்லை என்று எழுவைதீவுக்குப் போனேன். தராசு அண்ணை என்னை நடுவில் இருத்தினார். பக்கத்தில் ஒரு தேங்காய் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். ‘இது தம்பியின்ரை நிறை பிள்ளை, ஒரு இறாத்தலும் கூடக் குறைய இல்லை. அண்டைக்குக் காத்து, பிரிச்சு இருத்திப்போட்டன். எனக்கு மனம் கேக்கேல்லை’ என்றார். போகும்போதும் வரும்போதும் அதில் சாய்ந்துகொண்டு வந்தேன். அன்று நீங்கள் கேட்டது எல்லோருக்கும் கேட்டதால்தான் பதில் சொல்ல முடியவில்லை. வீடு பாருங்கள்.”

தேங்காய் மூட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் புருஷன் நானாகத்தான் இருப்பேன். அன்று பின்னேரமே கந்தோரால் இறங்கி வீடு தேடப் போனேன்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு போன மாதம் இருவருமாக எழுவைதீவுக்குப் போனோம். தராசு அண்ணை காலமாகிவிட்டார் என்று துறையில் சொன்னார்கள். இப்போது எவரும் எங்கேயும் இருக்கலாம். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனது. வள்ளத்தில் அவர் நின்ற இடத்தையே என் மனைவி பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லோருடைய நிறையும் அவருக்குத் தெரியும், அவருடைய நிறைதான் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இடத்தில் நானும் ஒரு மூட்டை கட்டி வைத்திருப்பேன்.