பனியன் துணியில் ஓர் எலி

"வண்டிய யார் பராமரிக்கறாங்களோ அவங்கதான் ஓட்டணும். இதுதான் இந்த வீட்டு சட்டம்."

வேதியியல் வாத்தியார் வாய் நிறையப் பற்பசை நுரையோடு இந்தச் சட்டத்தைப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். நுரையில் பாதி சட்டம் கரைந்து போனாலும், கேட்க வேண்டியவளுக்கு முழுசாகக் கேட்டுவிட்டது.

பாவம், அவருக்கும் வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் தங்கையின் புது வீட்டுக்குத் தானே வண்டியோட்டிப் போய் இறங்க வேண்டும் என்று மனைவி அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள்.

"லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சுங்க. தெருமுனை தாண்ட விட்டிருக்கீங்களா?"

"ஓட்டறது என்ன பெரிய விஷயம்? ஆயில் பாக்கத் தெரியணும். டயர்ல காத்து பாக்கத் தெரியணும். பேட்டரி, ரேடியேட்டர்ல தண்ணி... உனக்கு என்ன தெரியும்?"

"பராமரிக்கறவங்கதான் ஓட்டணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்."

"அப்ப சரி" என்று அவள் உள்ளே போய்விட்டாள். இத்தனை சுலபமாக அவள் எதற்கும் 'சரி' சொன்னதில்லை.

வாத்தியார் வண்டியைப் பராமரிக்கும் அழகே தனி. தினமும் பள்ளிக்கூடத்துப் பஸ்ஸில் போய் வருகிறவர். ஆகவே வண்டிக்கும் அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உறவு. அன்று காலை எட்டு மணிக்குத் தெருவே பார்க்கும்படி பானெட்டைத் திறப்பார். ஆயில் பார்க்கும் குச்சியை உருவுவார். வெயிலில் தூக்கிப் பார்த்து "உம்" என்பார். பழைய பனியன் துணியால் துடைத்து, குச்சியைத் திரும்பச் செருகி, பானெட்டை மூடுவார்.

எதிர்வீட்டு ரயில் டிரைவரும் கூட நின்று "உம்" என்பார். முப்பது வருஷம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். வாழ்நாளில் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. அதனாலேயே தைரியமாக யோசனை சொல்வார்.

மனைவி பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். மெஷினுக்கு எண்ணெய் போட ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் அது தையல் மெஷின், இது கார் என்பது வாத்தியாரின் கட்சி.

சனிக்கிழமை முழுக்க அவர் யோசித்தார். சாவியைக் கொடுத்தால் சகலை சும்மா விடுவானா? "என்னண்ணே, உங்களைப் பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்களா?" என்று கேட்டு, அன்று சாப்பாட்டுக்கு அதையே தொட்டுக்கொள்வான். கொடுக்காவிட்டால் மனைவியின் முகம் வாடும். அதையும் அவரால் தாங்க முடியாது. கொடுத்தமாதிரியும் இருக்க வேண்டும், கொடுக்காதமாதிரியும் இருக்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, மனைவி கடையில் இருக்கும்போது, வழி பிறந்தது. பானெட்டைத் திறந்து, ஸ்பானரை எடுத்து, பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டார். நாளைக்கு அவள் சாவியைத் திருகுவாள். வண்டி கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடக்கும். இவர் இறங்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரே நிமிஷத்தில் சரிசெய்வார். "இதே நடுவழியில நின்னா என்னம்மா பண்ணுவ?" என்று பரிவோடு கேட்பார். அவளே நகர்ந்து உட்காருவாள். கையைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போல் ரயில் டிரைவரோடு காலாற நடக்கப் போனார். அன்றைக்கு அவர் நடையே வேறு.

ஞாயிறு காலை. ரயில் டிரைவர் வழியனுப்ப வாசலில் ஆஜர்.

"உக்காரும்மா, உக்காரு. நீயே ஓட்டு. பயப்படாத, நான் இருக்கேன்" என்றார் வாத்தியார், தெருவுக்கே கேட்கும்படி. அவர் ஏறவில்லை. பானெட் பக்கம் நின்றுகொண்டார். கால்சட்டைப் பையில் ஸ்பானர் குத்தியது.

அவள் சாவியைத் திருகினாள். முதல் திருகிலேயே வண்டி உறுமிக் கிளம்பியது.

"எப்படி ஸ்டார்ட் ஆச்சு?" என்று வாத்தியார் அலறிவிட்டார்.

"ஸ்டார்ட் ஆகத்தானேங்க சாவி?"

"இல்ல... சத்தம் சரியில்ல. ஆஃப் பண்ணு. நான் பாக்கறேன்."

"அருமையான சத்தம் வாத்தியாரே" என்றார் ரயில் டிரைவர். "முப்பது வருஷம் எஞ்சினோட இருந்தவன் சொல்றேன்."

"எல்லாம் இவர் வாரா வாரம் பாத்துக்கறதுதான் அண்ணே" என்றாள் மனைவி. "ஏறுங்க, நேரமாச்சு."

வாத்தியார் ஏறினார். தெருமுனை போனது. மார்க்கெட் வந்தது. ஒரு லாரிக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவில் அவள் வண்டியை அலுங்காமல் நுழைத்து வெளியே எடுத்தாள். வாத்தியார் கதவுக் கைப்பிடியை விடவில்லை.

"இந்த மாதிரி ஓட்ட எப்பக் கத்துக்கிட்ட?"

"மார்க்கெட் தாண்டித்தானே மெக்கானிக் கடை? வராம எப்படி?"

"மெக்கானிக்கா? சாவி எப்பவும் என்கிட்டதானே இருக்கும்?"

"மாத்துச் சாவி என் தையல் மெஷின் டப்பாவுல இருக்குங்க. ஆறு மாசம் முன்னாடி, மூணு வாரம் சேந்தாப்ல உங்க பனியன் துணியில கறையே இல்ல. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. எஞ்சின் அவ்வளவு சுத்தமாகிவிட்டது என்று ரயில் டிரைவரிடம் பெருமையடித்த வாரங்கள் அவை. திரும்பக் கறை பட ஆரம்பித்தபோதுதான் கவலைப்பட்டார்.

"துணி துவைக்கறவ நான். கறை இல்லன்னா குச்சியில ஆயில் இல்லன்னு அர்த்தம். நீங்க ஸ்கூல் போனதும் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு சொட்டு இல்லையாம். அப்பலேர்ந்து சனிக்கிழமை தோறும் நீங்க நடக்கப் போனதும் நான்தான் பாக்கறேன். ஆயில், காத்து, தண்ணி எல்லாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பானெட்டத் தொறந்துக்கிட்டுத் தெருவுல நிக்கிற அழகு எனக்குப் பிடிக்குங்க. அதக் கெடுப்பானேன்?"

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இந்தப் பெண் ஆறு மாசமாகத் தன் மானத்துக்கும் சேர்த்து ஆயில் ஊற்றியிருக்கிறாள்.

"நேத்துக்கூடப் பாத்தியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாக்காம? ஆறு மணிக்குக் கடையிலேர்ந்து வந்து பாத்தா, பேட்டரி ஒயர் கழண்டு கிடக்கு. எலி வேலையா இருக்கும்."

"எலிதான்" என்றார் வாத்தியார் உடனே. "சந்தேகமே இல்ல. எலிதான்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பாவம், அவசரத்துல தன் பனியனைப் பேட்டரி மேலயே விட்டுட்டுப் போயிருச்சு."

அதன் பிறகு தங்கை வீடு வரும்வரை வாத்தியார் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலில் சகலை காத்திருந்தான். "என்னண்ணே..." என்று ஆரம்பித்தான். "நான்தான் ஓட்டச் சொன்னேன், எங்க வீட்ல பராமரிக்கறவங்கதான் ஓட்டணும்" என்று வாத்தியார் சட்டத்தை ஒப்பித்தார். மனைவி இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, ராணி மாதிரி உள்ளே நடந்தாள்.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு வழக்கம்போல் பானெட் திறந்தது. பழைய பனியன் இருந்த இடத்தில் புதுத் துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, மூலையில் கறுப்பு நூலால் வாலும் மீசையுமாக ஓர் எலி.

ரயில் டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "என்ன வாத்தியாரே, துணியில எலி போட்டிருக்கு?"

வாத்தியார் குச்சியை வெயிலில் தூக்கிப் பிடித்து, "உம்" என்று பார்த்து, துடைத்து, செருகினார்.

"கம்பெனி முத்திரை" என்றார்.