நிச்சயமா என்று கேட்டது கணினி

வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கும் ஆள் நான். பஸ் நிறுத்தம் வரை போனபின், அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி ஓடியதும் உண்டு. இப்படிப்பட்டவளிடம் ஒரே ஒரு முறை ஓர் இயந்திரம், "நிச்சயமா?" என்று மரியாதையாகக் கேட்டது. அன்றைக்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

எண்பதுகளின் பிற்பாதி. ஈப்போவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. வக்கீல் சிவப்பிரகாசம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அதட்ட மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அதட்டியதாக அர்த்தம். அவர் புதிதாக வாங்கிய கணினியில் படமும் கிடையாது, தொட்டு நகர்த்த எலியும் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கட்டளையைத் தட்டினால் செய்யும். (தப்பாகத் தட்டினாலும் செய்யும். அங்கேதான் வினை.)

நான் பிறந்த ரப்பர் தோட்டம் கோலா கங்சார் போகும் வழியில் இருந்தது. அதை விற்றுவிட்டார்கள். பட்டியலில் பெயர் இருக்கும் குடும்பத்துக்கு வீடு என்று புதிய முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும். பெயர் விட்டுப்போனால் வீடு இல்லை. தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோர் வீராசாமி துண்டுத் தாள்களில் எழுதி அனுப்பிய அறுபத்து மூன்று குடும்பங்களையும் நான்தான் கணினியில் ஏற்றினேன். மூன்று முறை சரிபார்த்தேன். (நான்காவது முறையும் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை.) டிஸ்கெட்டில் ஒரு நகலும் எடுத்து வைத்தேன்.

அந்த வாரம் பார்த்துத்தான் சரஸ்வதி பூசை வந்தது.

பூசை என்றால் சுத்தம். மேசையைத் துடைத்தேன், அலமாரியைத் துடைத்தேன். கணினியில் ஏறிவிட்டதே என்று மண்டோரின் துண்டுத் தாள்களைப் பின்கட்டில் போட்டு எரித்தேன். பிறகு, கணினியின் உள்ளேயும் துடைத்தால் என்ன என்று தோன்றியது.

அதற்குள்ளும் அறை அறையாகப் பிரித்து வைத்திருந்தோம். பழைய குப்பைகள் கிடந்த அறைக்குள் போனேன். அந்த நேரம் பார்த்து வக்கீல் வந்து நின்றார்.

"பிள்ளை, அந்தப் பட்டியலை ஒருக்கா காட்டு பாப்பம்."

பட்டியல் இருந்த அறைக்குப் போய்க் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் விட்ட இடத்திலிருந்து துடைக்கத் தொடங்கினேன். விட்ட இடம் வேறு, அப்போது நின்ற இடம் வேறு. திரையில் வெறும் C> மட்டும் மின்னியது. எந்த அறையில் நிற்கிறாய் என்று அது சொல்லாது. DEL *.* என்று தட்டினேன். இங்கே இருப்பதை எல்லாம் அழி என்று பொருள். நிச்சயமா என்று கேட்டது. முன்னறையில் சுண்டல் மணத்தது. Y.

பிறகு கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தேன். தட்டச்சு இயந்திரத்துக்கு, கணினிக்கு, கடைசியில் நகல் டிஸ்கெட்டுக்கு. அதன் உறையில் நீளமாக ஒரு துளை இருக்கும், உள்ளே பதிவுத் தட்டு பளபளவென்று கறுப்பாகத் தெரியும். பொட்டு வைக்கவென்றே விட்ட இடம் போலிருந்தது.

விஜயதசமி காலையில் வக்கீல், "நல்ல நாள், பட்டியலைத் திற" என்றார். DIR தட்டினேன். எந்தக் கோப்பும் இல்லை என்றது. டிஸ்கெட்டைச் செருகினேன். மாவு மில் மாதிரி கரகரத்துவிட்டு, நிறுத்தவா, மறுபடி முயலவா என்று கேட்டது. ஒன்பது முறை மறுபடி முயன்றேன்.

வக்கீல் அதை உருவிப் பார்த்தார்.

"பிள்ளை, இதிலை என்ன மஞ்சளா இருக்கு?"

"சந்தனம் சார்."

"சிவப்பு?"

"குங்குமம். கொஞ்சம்தான் சார்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

கழிவறைக்குப் போய் அழுதேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள் எல்லாரையும் ஒரே எழுத்தில் தெருவில் நிறுத்தியிருக்கிறேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

"நாளைக்குப் பெரட்டுக்குப் போறேன் சார். எல்லாரும் ஒரே இடத்துல நிப்பாங்க. மறுபடி எழுதிட்டு வந்துர்றேன்."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

வீட்டுக்காரர்தான் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டும்.

"பெரட்டுக்கா? புள்ளையத் தூக்கிக்கிட்டு, இந்தப் பனியிலயா? சுசாலா!"

"கஷ்டந்தான். கெளம்புங்க."

சந்தி திரும்பும்போது, "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டார், வேண்டுமென்றே. வாழ்க்கையில் முதல் தடவையாக, "திரும்பாதீங்க, போங்க" என்றேன்.

பால்வெட்டுக்குப் போகுமுன் விடியலில் ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. கதையைக் கேட்டு மண்டோர் கேட்டார்: "என்னாம்மா, மிசின் எல்லாத்தையும் தின்னுருச்சா?"

"இல்லண்ணே. நாந்தான் ஊட்டிவிட்டேன்."

வரிசையே சிரித்தது. "இந்தத் தடவ என் வயச கொறச்சு எழுதுலா!" என்று ஒரு குரல். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். குழந்தை வீறிட்டது. தோட்டத்து அஞ்சலை அக்கா வந்து வாங்கிக்கொண்டாள். மண்டோர் பேச்சைக் கேட்காமல், பெயரைப் படித்துக் காட்டி, அவரவர் வாயால் சரி என்று சொன்ன பிறகே அடுத்த ஆளை அழைத்தேன். தொழில் தாமதமாகிறது என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்து முறைத்தார். நான் நிமிரவே இல்லை.

வெயில் ஏறியபோது எழுதி முடித்தேன். குழந்தையைக் கேட்டுக் கை நீட்டியபோதுதான் உறைத்தது.

"அக்கா, உங்க பேர எழுதலயே?"

"மொதத் தடவயும் எழுதலயே. அப்ப நான் கால் ஒடஞ்சு ஈப்போ ஆஸ்பத்திரில கெடந்தேன். தனி ஆளுக்கு வீடு கெடையாது போலன்னு இருந்துட்டேன்."

மண்டோர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் தட்டினேன். பத்துக் குடும்பத்துக்கு ஒரு முறை புது டிஸ்கெட்டில் நகல் எடுத்தேன், பொட்டு இல்லாமல். எந்த அறையில் நிற்கிறேன் என்று திரையே காட்டும்படி செய்யும் கட்டளையையும் கையேட்டில் தேடிப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை காலை வக்கீல் எண்ணிப் பார்த்தார்.

"முதல் அறுபத்து மூண்டு எண்டாய். இப்ப அறுபத்து நாலு வருகுது?"

"ஆமா சார். மொதல்ல இருந்ததுதான் தப்பு."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பட்டியல் நண்பகலுக்கு முன் போய்ச் சேர்ந்தது. அறுபத்து நான்கு குடும்பத்துக்கும் வீடு கிடைத்தது.

அன்று கையில் இருந்த குழந்தை வளர்ந்து, என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறாள். "அம்மா, இதுல rm போட்டா கேக்காமலே அழிச்சுரும்" என்று சொல்லி, rm -i என்று மாற்றி, என்னிடம் மட்டும் கேட்டுக் கேட்டு அழிக்கும்படி அமைத்தாள். நானும் முதலில் ls தட்டி, என்னென்ன போகப்போகிறது என்று பார்த்தபிறகே அழிக்கிறேன். வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று, "சந்தனம் வெச்சியா?" என்பார்.

அஞ்சலை அக்கா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் தவறாமல் போன் வரும்.

"தங்கச்சி, இந்த வருசமும் எதையாச்சும் அழிச்சுப் பாரேன். ஒரு ரூம்பு பத்தலலா!"