டிக்கெட் எடுக்காத பால்பவுடர்

"ரொட்டியிலயும் ஏறியிருக்குடி!" என்று சூப்பர் மார்க்கெட்டின் நடுவில் நின்று போனில் கத்தினார், ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர்.

"எதுங்க?" என்றாள் மனைவி.

"பால்பவுடர்! டிக்கெட் எடுக்காம எல்லாப் பாக்கெட்லயும் ஒளிஞ்சிருக்கு."

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது. கல்யாணமான நாள் முதல், எதைச் சமைத்தாலும் அதில் வெண்ணெய் குளமாக நிற்கும். அதுதான் கைமணம் என்று அவரே சொல்லிக்கொள்வார். நாளைக்கு மகனுக்குப் பார்த்திருக்கும் பெண், தன் அப்பாவோடு முதல் விருந்துக்கு வருகிறாள். காலையில்தான் மனைவி போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பொண்ணு வீகனாம். கறி, முட்டை மட்டுமில்ல, பால், நெய், தேன்கூடத் தொடமாட்டாளாம்."

"என் சமையலைச் சாப்பிடாம எழுந்து போனா என் மானம் என்னாகுறது?" என்று கிளம்பியவர்தான்.

பிஸ்கட்டில் பால். சூப் பொடியில் பால். உருளைக்கிழங்கு வறுவலில்கூடப் பால். பூதக்கண்ணாடியும் கையுமாக அலமாரி அலமாரியாகச் சோதித்தார். பழக்கதோஷம், எதிரே வந்த தள்ளுவண்டிகளையும் நிறுத்தினார்.

"அம்மா, உங்க கேக்குல முட்டை ஏறியிருக்கு. இறக்குங்க."

அந்த அதட்டலுக்கு இறக்காதவர் யார்? சற்று நேரத்தில் வண்டியெல்லாம் காலி. இறக்கிய பாக்கெட்டுகள் கூரையை முட்டின. சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள், கூரையில் கேக் கறை இன்னும் இருக்கிறது.

மானேஜர் ஓடிவந்தார். "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இப்படி வாங்க!" என்று காய்கறிப் பக்கம் இழுத்துப்போய் ஒரு பூசணிக்காயை நீட்டினார். "இதுல லேபிளே கிடையாது."

பரிசோதகர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அதான் சந்தேகமா இருக்கு."

இருந்தாலும் வாங்கினார். பூசணி, பீன்ஸ், தக்காளி என்று ஒரு சொட்டு வெண்ணெய் இல்லாமல் மறுநாள் சமைத்து இறக்கினார். மருமகளாகப் போகிறவள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மகன் தட்டை வழித்து நக்கினான். மனைவியோ, அதிசயமாக, பாத்திரத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா! இனிமே இந்த வீட்டுக்குள்ள வெண்ணெய் காலெடுத்து வைக்கக் கூடாது!" என்று வெற்றி முழக்கமிட்டார்.

"நீங்க சொன்னா சரிங்க," என்றாள் மனைவி, பரம சாதுவாக.

ஏப்பம் விட்ட சம்பந்தி அவள் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, நீங்க போன்ல சொல்லிக்கொடுத்தபடியே வீகன்னு நடிச்சிட்டோம். எம்பொண்ணு மறுபடி எப்போலேருந்து ஐஸ்கிரீம் சாப்பிடலாம்?"