கழுகு வீரனின் சுருங்கும் கவசம்

நான் கழுகு வீரன் ஆவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். பெயர் ஜம்புலிங்கம். வயது முப்பத்தாறு. இடுப்பளவு வயதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. இப்படிப்பட்டவனுக்கு ஆசை வரக் கூடாதா?

'கழுகு வீரன்' படம் வந்தபோது வெள்ளைக்காரன் இருந்தான். எனக்குப் பதினொரு வயது. ஆம்பூர் டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். கதாநாயகன் பகலில் சந்தைக்கடையில் எடை போடும் குமாஸ்தா. யாராவது ஏழையை அடித்தால் போதும், ஓடிப்போய் உடை மாற்றிக்கொண்டு வருவான். கழுகு மூக்கு வைத்த தோல் முகமூடி. இறக்கை பொறித்த சிவப்புத் தோல் மார்க்கவசம். தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும் கறுப்பு வெல்வெட் சால்வை. இடுப்பில் கைகளை ஊன்றி நின்று, "அநியாயம் நடக்கும் இடத்தில் என் நிழல் விழும்!" என்பான். பிறகு பறப்பான்.

கயிறு தெரியும். தெரிந்தால் என்ன? எங்கள் பாலாற்றில் மணல்தான் தெரிகிறது. அதற்காக அதை ஆறு இல்லை என்றா சொல்கிறோம்?

அந்த உடையை மறுபடி நான் பார்த்தது வேலூரில். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த கன்னியப்பன் அங்கே நாடகங்களுக்கு உடை வாடகைக்கு விடும் டிரஸ் கம்பெனி வைத்திருந்தான். ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்தேன். ராஜா கிரீடங்களுக்கும் எமதர்மன் கதாயுதத்துக்கும் பின்னால், ஓர் ஆணியில், அது தொங்கிக்கொண்டிருந்தது.

"கன்னியப்பா! இது... இது..."

"அதேதான்டா. மெட்ராஸ்ல ஸ்டுடியோவை மூடினப்போ சரக்கோட சரக்கா வந்துச்சு. இப்பல்லாம் யாருடா இதைக் கேக்கறாங்க? எலிங்கதான் பாத்து ரசிக்குது."

வெல்வெட் நரைத்துப் போய் எலி நிறத்துக்கு வந்திருந்தது. பூச்சி அரித்த ஓட்டைகளின் வழியாக எதிர்ச் சுவர் தெரிந்தது. முகமூடியின் மூக்கு ஒரு பக்கம் தொங்கியிருந்தது. இவ்வளவு நாள் தோலோடு பழகியவன் சொல்கிறேன்: அந்த மார்க்கவசத்தின் ஆட்டுத்தோல் முதல் தரம். வெடித்திருந்தாலும் கம்பீரம் போகவில்லை. தடவிப் பார்த்தேன்.

"எடுத்துட்டுப் போடா. எனக்கு எடம் மிச்சம்" என்றான் கன்னியப்பன்.

அந்த நிமிஷமே திட்டம் உருவாகிவிட்டது. எங்கள் தொழிற்சாலை ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி உண்டு. மூன்று வருஷமாக என் செக்‌ஷன் வேலு, முகத்தில் விபூதி அடித்துக்கொண்டு சாமியாராக வந்து கோப்பையைத் தட்டிக்கொண்டு போகிறான். இந்த வருஷம் பார்க்கட்டும்!

வீட்டில் ஒரே ஒரு தடங்கல். அதன் பெயர் அம்சவேணி. என் மனைவி. குடியாத்தத்துக்காரி.

மூட்டையை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டும்போது சரியாக வந்து நின்றாள்.

"இன்னாங்க அது?"

"ஆபீஸ் சாம்பிள். புது மருந்து தடவின தோலு. தொட்டா கையெல்லாம் அரிக்கும். கிட்டவே வராத."

"அப்படியா?" என்றாள்.

அம்சவேணியின் 'அப்படியா'வுக்குள் என்ன இருக்கிறது என்று கல்யாணமான நாள் முதல் ஆராய்ந்து வருகிறேன். இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் அவள் பக்கத்து வீட்டு முனவ்வர் பேகத்திடம் பேசப் போன நேரம் பார்த்துக் கதவைச் சாத்தினேன். கவசத்தை மாட்டினேன். முதுகுப் பக்கம் பக்கிள் இருக்கிறது. வாருக்கும் பக்கிளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி! மூச்சை இழுத்தேன். இடைவெளி அசையவில்லை. சுவரில் சாய்ந்து வயிற்றை அழுத்தினேன். சுவர்தான் உதிர்ந்தது.

விழாவுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. உடம்பைக் குறைப்பது என்று தீர்மானித்தேன். அன்று சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அம்சா, வேலூர்ல டாக்டர்கிட்ட காட்டினேன். சாப்பாட்டைக் கம்மி பண்ணச் சொல்லிட்டாரு."

"ஐயையோ! எந்த டாக்டரு?"

"பெரிய டாக்டரு. கண்ணாடி போட்டிருந்தாரு."

"இன்னா சொன்னாரு?"

"எண்ணெய் கூடாதாம். சோறு கம்மியாம்."

"பிரியாணி?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "அதுவும்... ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாரு."

"அப்போ வேணவே வேணாம்" என்று முன்னால் இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குக் காலையில் கொள்ளுக்கஞ்சி. மத்தியானம் கொள்ளு ரசம். சாயந்திரம் கொள்ளுச் சுண்டல். எங்கள் தெரு ஜட்கா வண்டிக் குதிரை என்னைப் பார்த்துக் கனைக்க ஆரம்பித்தது. சொந்தக்காரன் என்று நினைத்திருக்கும்.

ஆம்பூரில் பத்தியம் இருப்பது லேசான காரியமா? ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு முனவ்வர் பேகம் வீட்டில் பிரியாணித் தம் உடைப்பார்கள். அந்த வாசனை சுவரைத் தாண்டி வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். அம்சவேணி அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வருவாள்.

"நீ மட்டும் சாப்பிடறியே?"

"எனக்கு ஒண்ணும் டாக்டர் சொல்லலியே!"

ஆனால் பலன் தெரிந்தது. வேட்டியைக் கூடுதலாக ஒரு சுற்று சுற்றிக் கட்டினேன். கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. அடுத்த ஞாயிறு, பேகம் வீட்டுக்கு அவள் போனதும் ஆசையோடு கவசத்தை மாட்டினேன்.

அதே ஒரு சாண் இடைவெளி!

அதற்கடுத்த ஞாயிறு இடைவெளி ஒரு சாணுக்கும் மேலே போய்விட்டது. எனக்குத் தலை சுற்றியது. பாதி கவலை, பாதி கொள்ளு. மறுநாள் வேலுவைத் தனியாக அழைத்துப் போனேன்.

"ஏம்பா, பழைய தோலு சுருங்குமா?"

"சுருங்கும் சார். நமக்குத் தெரியாததா?"

"வாராவாரம் சுருங்குமா?"

வேலு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சார், நீங்கதான் வாராவாரம் சுருங்கறீங்க. வீட்ல ஏதாச்சும் பேஜாரா?"

கவசத்துக்கு எண்ணெய் போட்டேன். ஈரத்துணி சுற்றி இழுத்துப் பார்த்தேன். பெட்டிக்குள் அதைப் படுக்க வைக்கும்போது, "கொஞ்சம் மனசு வை" என்று கெஞ்சினேன். பக்கத்து வீட்டில் பேகத்தின் தையல் மிஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குத் தோல் பர்ஸ் தைத்துக் கொடுக்கிறவள். ஆர்டர் ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவு தூரம்தான் போயிற்று.

விழா நாள் வந்தது. கவசம் மூடாவிட்டால் என்ன, முதுகைச் சால்வை மறைத்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அம்சவேணி, "பேகம்கூட முன்னாடியே போய் எடம் பிடிக்கிறோம்" என்று கிளம்பிவிட்டாள். மூன்று மணிக்கு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

காலி.

அடியில் விரித்த பழைய பேப்பர் என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. கவசம் இல்லை, முகமூடி இல்லை, சால்வை இல்லை. கட்டிலுக்குக் கீழே தவழ்ந்தேன். அரிசிப் பானைக்குள் கைவிட்டேன். அழுகை வந்துவிட்டது. தோலில் ஆரம்பித்தது தோல்வியில் முடிந்தது! போட்டிக்குக் கொடுத்த பெயரை எடுத்துவிடச் சொல்லலாம் என்று ரயில்வே லைன் ஓரமாக விழா மைதானத்துக்கு ஓடினேன். கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான்.

நான் போய்ச் சேரும்போது மைக்கில் வேலு முழங்கிக்கொண்டிருந்தான்.

"அடுத்து நமது சூப்பர்வைசர் திரு. ஜம்புலிங்கம் அவர்கள்! வேஷம், கழுகு வீரன்!"

கூட்டம் கை தட்டியது. நான் பந்தல் காலுக்குப் பின்னால் ஒளிந்தேன். இந்த ஊரில் இனி தலைகாட்ட முடியாது. அணைக்கட்டு ஊர்ப் பக்கம் போய் மாட்டு வியாபாரம் பார்க்க வேண்டியதுதான்.

அப்போது ஒரு விசில் கேட்டது.

மேடைக்குப் பக்கத்தில் தோல் லோடு ஏற்றிய லாரி நின்றிருந்தது. அதன் உச்சியில், மாலை வெயிலுக்கு எதிரே, அவன் நின்றான்.

கைகள் இடுப்பில். மூக்கு நிமிர்ந்திருந்தது. சிவப்புக் கவசம் உடம்போடு உருக்கி ஊற்றியதுபோல ஒட்டியிருந்தது. சால்வை மறுபடி கறுப்பாகியிருந்தது, ஓர் ஓட்டைகூட இல்லை. காற்றில் அது விரிந்தபோது லாரியின் மேல் பாதி மறைந்தது.

"அநியாயம் நடக்கும் இடத்தில் என் நிழல் விழும்!"

குதித்தான். கயிறு இல்லை. சத்தியமாகக் கயிறு இல்லை! சால்வை இரண்டு பக்கமும் இறக்கையாக எழும்ப, மேடை நடுவே பூப்போல வந்து இறங்கினான்.

என் பொருளைத் திருடியவன் அவன். பிடித்து உதைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு விரலையும் வாயில் வைத்து விசிலடித்தேன். கால்சட்டை கையைவிட்டு நழுவியதுகூடத் தெரியவில்லை. எனக்கு மறுபடி பதினொரு வயது. காலுக்குக் கீழே கொட்டகை மணல். தொண்டை கிழியக் கத்தினேன்.

"இன்னொரு தடவை! இன்னொரு தடவை!"

கழுகு வீரன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். "முதல்ல அதைத் தூக்கிக் கட்டுங்க" என்றான்.

எனக்குச் சொரேல் என்றது. மண்ணெண்ணெய் வாங்கினீங்களா என்று தினமும் கேட்கும் குரல்!

முகமூடி விலகியது. கொண்டை அவிழ்ந்து ஜடை முதுகில் விழுந்தது. என் தர்மபத்தினி அம்சவேணி, மேடையில், பூட்ஸ் காலோடு!

மைதானம் கப்சிப். காட்பாடிப் பக்கம் போன கூட்ஸ் வண்டிகூட மெதுவாகப் போனதுபோல எனக்குப் பட்டது. பெண்கள் பக்கத்தில் ஒரு ஜோடி கை மட்டும் தட்டியது. முனவ்வர் பேகம். தொடர்ந்து இன்னொரு ஜோடி. பிறகு பந்தலே இடிந்து விழும் போலிருந்தது. சாமியார் வேஷத்தில் இருந்த வேலு, விபூதி கொட்டக் கொட்டக் கை தட்டினான்.

மேனேஜர் கோப்பையோடு வந்து தயங்கினார். "மிஸ்டர் ஜம்புலிங்கம், பேர் கொடுத்தது நீங்க. கப்பை யாருக்குத் தர்றது?"

அவள் பக்கம் கையைக் காட்டினேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. தொண்டையில் ஏதோ உருண்டது. அது கொள்ளு இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பேகம்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ண்ணா, நீங்க பொட்டி வெச்ச மறுநாளே அம்சா சாவியைத் தேடி எடுத்துத் தொறந்துடுச்சு. தோல் மருந்து வாடையா அடிக்குது? பௌடர் வாடை, கற்பூர வாடை! அந்த மூக்கைப் பாத்ததும் அதை மடியில வெச்சுக்கிட்டு அழுதுச்சுண்ணா. குடியாத்தத்துல அந்தப் படத்தை எட்டு வாட்டி பாத்துச்சாம். அண்ணன்மாரு சட்டையை மாட்டிக்கிட்டு ஆம்பளைப் புள்ளைங்க பக்கம் குந்திக்கிட்டு பாத்துச்சாம். வாராவாரம் எங்கூட்டு மிஷின்ல கவசத்தைப் பிடிச்சுத் தெச்சோம். சால்வைக்குச் சாயம் போட்டோம்."

நான் நின்றுவிட்டேன். ஒரே வீட்டில், ஒரே பாயில், இத்தனை வருஷம். இரண்டு பேர் மனதிலும் ஒரே கழுகு பறந்துகொண்டிருந்திருக்கிறது.

"ஏன் அம்சா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா? தொட்டா அரிக்கும்னீங்க!"

நியாயம்தான். ஆனால் என் வயிற்றிலிருந்து இன்னொரு கேள்வி எழுந்தது.

"சரி, கவசத்தை உன் அளவுக்குத்தானே பிடிச்ச? அப்புறம் எதுக்கு என்னை ஒன்றரை மாசம் கொள்ளு போட்டுக் கொன்ன?"

அவள் கண்ணை அகல விரித்தாள். "இன்னாங்க இது! டாக்டர் சொன்னாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கண்ணாடி போட்ட அந்த டாக்டரை மட்டும் என் கையில் யாராவது பிடித்துக் கொடுத்தால்!

மறு வாரமே அணைக்கட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் பள்ளிக்கூட விழாவுக்குக் கழுகு வீரன் வந்தே தீர வேண்டுமாம். அம்சவேணி ஒப்புக்கொண்டாள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். மனதுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது. இரண்டு வீரர்கள் இருந்தால் என்ன? நான் இப்போது மெலிந்துவிட்டேன். இன்னொரு கவசம் தைத்தால் போயிற்று.

மறுநாள் காலை அவள் முற்றத்தில் முகமூடியோடு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு எதிரே போய் நின்றேன்.

"அம்சா, அணைக்கட்டுல எனக்கு இன்னா வேஷம்?"

கழுகு வீரன் நிதானமாகத் திரும்பினான். ஒரு கை இடுப்பில் இருந்தது. இன்னொரு கை, குழாயடியில் குவிந்து கிடந்த எச்சில் பாத்திரங்களைக் காட்டியது. மேடையில் கேட்ட அதே கம்பீரக் குரல் முழங்கியது.

"கழுவு, வீரா!"