பெரட்டு டத்தோ

மலேசியாவின் ஈப்போவில் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலை வைத்திருக்கும் பெரிய முதலாளிகளை விடியற்காலையில் ரப்பர்த் தோட்டத்து முச்சந்தியில் வரிசையாக நிற்கவைத்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரைப் பெரட்டு டத்தோ என்போம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவாரே, அதுதான் பெரட்டு. டத்தோ பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில். தொழிற்சாலை முதலாளியாகி, அரசாங்கத்திடம் டத்தோ பட்டம் வாங்கியும் பெரட்டு அவரை விடவில்லை. மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரையே வரிசையில் நிறுத்திவிட்டார்.

“மாப்பிள!”

“இருக்கேன் மாமா!”

அதற்கப்புறம்தான் தாலி.

நான் அவருடைய டிரைவர். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். டயரைத் தட்டிப் பார்க்காமல் வண்டியை எடுத்ததில்லை. எடுத்த பிறகு, தட்டினேனா என்று இறங்கிப் பார்ப்பேன்.

என் மனைவி கஸ்தூரிக்கு டத்தோ தொழிற்சாலையில்தான் வேலை. சூப்பர்வைசர் ஆகப் போகிறவள். தோட்டத்து முச்சந்தியில், இருட்டில், தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்பாள். அங்கே ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. ஒருநாள் மோட்டார்சைக்கிள்காரன் கைப்பையைப் பிடுங்கியதில் கீழே விழுந்து முழங்கை கிழிந்தது.

“லைட்டு வந்தா போறேன். இல்லாட்டி இந்த மாசத்தோட நின்னுக்கிறேங்க” என்றாள். சொல்லும்போதே அழுகை.

காரில் டத்தோவிடம் சொன்னேன். முதலாளிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்; பெரிய கம்பெனி வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரரும் அதில் உண்டு. ‘தொழில்நுட்ப நகரத்தின் எதிர்காலம்’ என்று ஓட்டலில் ஏர்கோன் போட்டுக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. எல்லாரையும் போனில் கூப்பிட்டார். “எடம் மாறிடுச்சி. காலைல அஞ்சரைக்கு, தோட்டத்து முச்சந்தி.”

கார்க் கதவைத் திறந்துகொண்டே கேட்டேன். “டத்தோ, வெள்ளக்காரரு கோவிச்சிக்கிட்டு கம்பெனிய பினாங்குக்குத் தூக்கிட்டுப் போயிட்டா?”

“போனா நீதான் லோரி ஓட்டு. பயப்படாதலா.”

எல்லாரும் வந்தார்கள். கும்மிருட்டு. டத்தோ வரிசையாகப் பெயர் கூப்பிட்டார். கூட்டத்துக்கு அழைத்திருந்த நகராண்மை அதிகாரிகூடக் குரல் கொடுத்தார். சுங்கை சிப்புட்டில் வளர்ந்த சீன முதலாளி தமிழிலேயே கத்தினார்: “டத்தோ, ஒண்ணுமே தெரியலலா!”

“அதுக்குத்தான் மச்சான் கூப்பிட்டேன்.”

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி குழியில் இறங்கி ஏறியது. சேறு தெறித்து, வெள்ளைக்காரர் காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்து செம்மண் நிறமானது. பஸ்ஸுக்கு வந்த பெண்கள் போன் வெளிச்சத்தில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். டத்தோ மலாயில் ஒரு தரம், இங்கிலீசில் ஒரு தரம், எங்களுக்காகத் தமிழில் ஒரு தரம் சொன்னார்:

“மெசினுக்குக் கரண்டு போனா ஜெனரேட்டர் வச்சிருக்கோம். மெசின ஓட்டுற பொம்பளைங்களுக்கு ஒரு பல்பு இல்ல.”

நகராண்மை அதிகாரி, விளக்குக் கம்பத்துக்குப் பெர்மிட் மேலிடத்திலிருந்து வரவேண்டும் என்று இழுத்தார்.

“வரட்டும். அதுவரைக்கும் கூட்டம் இங்கதான். நாளைக்கும் பெரட்டு.”

மறுநாள் வெள்ளைக்காரர் வரமாட்டார் என்று எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவர்தான் முதல் ஆளாக நின்றிருந்தார், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு!

அப்படி நின்று நின்றே பெர்மிட் வந்தது. முதலாளிகள் சேர்ந்து கம்பம் நட்டார்கள், குழியையும் மூடினார்கள். விளக்கு எரிந்த முதல் விடியலில், அத்தனை முதலாளிகள் முன்னால் டத்தோ கஸ்தூரி பெயரைக் கூப்பிட்டார். “இருக்கேன் டத்தோ!” என்று அவள் கொடுத்த குரலில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

எல்லாப் பெயரும் முடிந்தது. அவர் பெயரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. தோட்டத்தில் பெயர் கூப்பிடாதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. எனக்கு மனசு கேட்கவில்லை. காரின் பதிவுப் புத்தகத்தில் பார்த்திருந்த அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். டத்தோ விறைப்பாக ஓர் அடி முன்னால் வந்தார். “இருக்கேன்யா!” என்றார். விளக்கு வெளிச்சத்தில் கண் பளபளத்தது.

இப்போதும் அந்த முச்சந்தியைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கி, பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் டத்தோவைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிடுவேன். ‘இருக்கேன்லா, ரோட்டப் பாரு’ என்ற குரல் வந்த பிறகுதான் எனக்கு அன்றைய பொழுது விடியும்.